வரம்பில் நின்று வெட்டிய இலைகள்

போன மாதம் எங்கட ஆராய்ச்சிப் பண்ணையில் இருந்து இரண்டு பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். இருவரும் புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். போனில் ஒரு படம் காட்டினார்கள். தீப்பெட்டி அளவில் கடதாசி உறைகள், ஒவ்வொன்றிலும் என்னுடைய கோணல் எழுத்து, சிலதில் சிவப்பில் பெருக்கல் குறி. நெல்லுக்கு வருகிற எரிபந்த நோயின் பங்கசை, அந்தப் பூஞ்சணத்தை, காயவைத்து, நாங்கள் குளிரில் வைத்த உறைகள் அவை. இப்போது வந்திருக்கிற மெஷின் ஒவ்வொரு பங்கசின் பரம்பரையையும் தலையில் இருந்து கால் மட்டும் வாசித்துவிடுமாம். அதனால் பழைய உறைகளை எல்லாம் எடுத்துப் பார்க்கிறார்களாம்.

“இந்தப் பதினெட்டு உறையில மட்டும் சிவப்புப் புள்ளடி போட்டிரிக்கு, அம்மா. ஏன் எண்டு புத்தகத்தில இல்ல. பழுதாப் போனதா, எறியிறதா?” என்று அந்தப் பொடியன் கேட்டான்.

“எறிய வேணாம். அது நல்லாத்தான் இருக்கும்” என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. புது ஆட்களோடு கதைப்பது எனக்கு எப்போதும் கஷ்டம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். போகும்போது பெண் பிள்ளை, “வாயால சொல்ல வெட்கம் எண்டா எழுதித் தாங்க அம்மா, இந்த வருச மலரில போடுவம்” என்றாள். எழுதுவது எனக்குச் சுகம்தான். ஆனால் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நான் பண்ணையில் சேர்ந்தது புல்லுப் பிடுங்கத்தான். சில வருசம் வெயிலில் நின்றேன். மறுகா ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவுகிற ஆள் பிள்ளைப்பேறுக்குப் போனதால் என்னை உள்ளுக்கு எடுத்தார்கள். போத்தல் கழுவி, கண்ணாடித் தட்டு கழுவி, தண்ணி வடித்து, அடுப்பில் வைத்துச் சுட்டு எடுத்து, இப்படியே காலம் போனது. ஆராய்ச்சி அதிகாரிகளாக மூன்று நான்கு சேர்மார் வந்தார்கள், மாறிப் போனார்கள். என்னுடைய பெயரை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

நசீர் சேர் வந்த பிறகுதான் வேலை வேறு மாதிரி ஆனது. அவர் ஏறாவூர் முஸ்லிம். என்னைவிடப் பத்து வயது இளமை. காலையில் ஏழே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளில் வருவார். ஹெல்மெட்டைக் கொழுவி, செருப்பைக் கழற்றி, முழங்கை மட்டும் கையைக் கழுவிவிட்டுத்தான் ஒரு வார்த்தை பேசுவார். வந்த முதல் நாளே என்னுடைய பெயரைக் கேட்டார். “கனகம்” என்றேன், தட்டைப் பார்த்துக்கொண்டு. அன்றில் இருந்து கனகம் அக்கா.

அவர் நல்லது என்று சொல்லமாட்டார், கூடாது என்றும் சொல்லமாட்டார். வேலை சரி என்றால் பென்சிலால் மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். பிழை என்றால், “முதல்ல இருந்து சொல்லுங்க அக்கா” என்பார். நாம் செய்ததைத் தொடக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டு போகும்போது எங்கே பிழைத்தோம் என்பது நம்முடைய வாயாலேயே வந்துவிடும். அந்த இடத்தில் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ஏச்சு இல்லை. ஆனால் சிலவேளை ஏசினால் தேவலை என்று இருக்கும்.

வேலையைச் சொல்கிறேன். எரிபந்தம் பிடித்த நெல் இலையில் கண் போலப் புள்ளி வரும், நடுவில் சாம்பல், சுற்றிக் கபிலம். வயலில் அப்படியான இலைகளை வெட்டிப் பழைய பத்திரிகைத் தாளுக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும். பொலித்தீனுக்குள் வைத்தால் வேர்த்து அழுகிவிடும். ஒவ்வொரு வயலிலும் வரம்பில் இருந்து இருபது அடி உள்ளுக்குப் போய், ஐந்து இடத்தில் எடுக்க வேண்டும். இது சேர் போட்ட சட்டம். கொண்டுவந்த இலையில் புள்ளியின் ஓரத்தை நகத்துண்டு அளவில் வெட்டி, பிளீச்சிங் கலந்த தண்ணியில் ஒரு நிமிசம், நல்ல தண்ணியில் மூன்று தரம். பிறகு ஈரமான கடதாசி போட்ட தட்டுக்குள் வைத்து மூடிவிட்டால், அடுத்த நாள் அதன் மேல் வித்தி எழும்பி நிற்கும். வித்தி என்றால் பங்கசின் விதை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தண்ணிச் சொட்டு மாதிரி, குறுக்கே இரண்டு கோடு.

அதில் ஒன்றே ஒன்றை, முடி மாதிரி இழுத்த கண்ணாடி ஊசியால் தொட்டு எடுக்க வேண்டும். இரண்டு ஒட்டினால் எறிந்துவிட்டுத் திரும்ப. ஓட்ஸ் கஞ்சியில் கடற்பாசி போட்டு இறுக்கின தட்டில் அதை வைத்து வளர்ப்போம். “நோன்புக்கு எங்கட வீட்ட செய்யிற கடற்பாசிதான் அக்கா இது. சீனி மட்டும் இல்ல” என்பார் சேர். ஊசி வேலையில் என்னுடைய கை நடுங்காது என்று அவர் ஒரு மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். படித்த பிள்ளைகள் பத்துத் தரம் தொடுகிற வித்தியை நான் முதல் தரத்திலேயே தூக்கிவிடுவேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஏன் ஒரே ஒரு வித்தி என்று ஒருநாள் கேட்டேன். சேர் நுணுக்குக்காட்டியில் இருந்து முகத்தை எடுக்காமல் சொன்னார்.

“நம்மட பக்கத்தில தாய்ர குடிதானே பிள்ளைக்கு? உங்கட ஆக்களுக்கும் அப்பிடி, எங்கட ஆக்களுக்கும் அப்பிடி. இந்த வித்திக்குத் தகப்பனே இல்ல அக்கா, தாய் மட்டும்தான். தாய்ர குடி அச்சடிச்ச மாதிரி வரும். ரெண்டு வித்தியை ஒண்டா வளத்தா ரெண்டு குடி கலந்திரும். மறுகா எது எதெண்டு ஆரு பிரிக்கிறது?”

எரிபந்தம் ஒரே நோய்தான். ஆனால் பங்கசு பல குடி. ஒரு நெல் இனம் ஒரு குடிக்கு இடம் கொடுக்காது. அடுத்த குடிக்குப் பாய் விரித்துவிடும். எந்த வட்டையில் எந்தக் குடிகள் இருக்கின்றன என்று தெரிந்தால்தான் அந்த வயல்வெளிக்கு எந்த நெல்லைப் போடச் சொல்வது என்று தெரியும். அதற்காகத்தான் இந்த இலை வெட்டும் ஊசியும் உறையும். பங்கசைக் கண்டிப் பக்கத்தில் ஒரு பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், அவர்கள் அதன் பரம்பரையைக் கோடு கோடாகப் படம் எடுத்து அனுப்புவார்கள். கோடுகள் ஒன்றுபோல இருந்தால் ஒரே குடி.

இனி அந்தப் பதினெட்டுக்கு வருகிறேன்.

மண்டூருக்கு அங்கால் ஒரு வட்டை. பெயர் வேண்டாம். அங்கே ஒரு பெரும்போகத்தில், மாரி மழைக்கு விதைக்கிற வெள்ளாமையில், எரிபந்தம் கதிர்க் கழுத்தில் விழுந்து, நெல் முழுக்கப் பதராகிப் போனது. அடுத்து வந்த கோடைச் சிறுபோகத்தில் இலை எடுக்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். அந்தக் கிழமை பார்த்து சேர் பயிற்சிக்குப் போய்விட்டார். என்னோடு வழக்கமாக வருகிற பிள்ளைக்குக் காய்ச்சல். சாரதி செல்லையா அண்ணனும் நானும்தான் ஜீப்பில் போனோம்.

வட்டையில் வாய்க்கால் துப்புரவாக்குகிற நாள் அது. முப்பது நாற்பது ஆம்பிளைகள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள்ளும் வரம்பிலும் நின்றார்கள். நான் ஜீப்பால் இறங்கியதும் ஒருத்தர், “ஆர் புள்ள இது, நாத்து நட வந்தயா? நாங்க வீசி விதைக்கிறநாங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் சீலையை முழங்காலுக்கு உயர்த்திச் செருகிக்கொண்டு அத்தனை பேருக்கு முன்னால் சேற்றுக்குள் இறங்க எனக்கு ஏலாமல் போனது. செல்லையா அண்ணனோ ஜீப்புக்குள் சீற்றைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டார்.

வரம்பில் நின்றே கை எட்டிய இலைகளை வெட்டினேன். அடுத்த வயலிலும் அப்படி. பதினெட்டு வயலிலும் அப்படி. திரும்பி வந்து புத்தகத்தில் வழக்கம் போல ‘உள்ளே ஐந்து இடம்’ என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் ஒரு மாதிரி.

இலை எடுத்து, வளர்த்து, அனுப்பி, படம் வர அறுவடையும் முடிந்துவிட்டது. படம் வந்த அன்று சேர் பென்சிலால் தட்டினது இரண்டு இல்லை, ஐந்தாறு.

“செல்லையா அண்ணன், இஞ்ச வந்து பாருங்க. பதினெட்டுப் பேர், ஒரே முகம்.”

செல்லையா அண்ணன் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார், தூரப் பிடித்துப் பார்த்தார். “எனக்கு எல்லாம் ரயில் தண்டவாளம் மாதிரித்தான் கிடக்கு சேர்.”

“அதுதான் விசயம். எல்லாம் ஒரே தண்டவாளம். வட்டை முழுக்க ஒரு குடி. இந்தக் குடிக்கு இடம் குடுக்காத நெல் ஒண்டு நம்மட கையில இரிக்கு. பெரும்போகத்துக்கு வட்டை முழுக்க அதைப் போட்டா எரிபந்தத்துக்குச் சாப்பாடே இல்ல.” என் பக்கம் கிறுகி, “எல்லாம் அவங்க விதைக்கிற வெள்ளை நெல்லில எடுத்ததுதானே அக்கா?” என்றார்.

“ஓம் சேர்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. கேட்டார், சொன்னேன்.

அன்று பின்னேரம் வீட்டில் அரிசி கழுவினேன். கழுநீர் சிவப்பாகப் போனது. பச்சைப்பெருமாள் என்கிற பழைய சிவப்பு நெல்லின் அரிசி. அந்தத் தண்ணியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்; அடுப்பில் உலை கொதித்து வழிந்தது.

என்னுடைய அம்மாவின் ஊர் மண்டூர். அந்த வட்டையில் ஒரு வழக்கம் இருப்பது எனக்குச் சின்னதில் இருந்தே தெரியும். ஒவ்வொரு வயலிலும் வாய்க்காலோடு சேர்ந்த முதல் பாத்தி வட்டைப் பிள்ளையாருக்கு. வாய்க்கால் தண்ணி முதல் அதற்குள் பாய்ந்துதான் மற்ற இடத்துக்குப் போகும். அதில் புது நெல் போடமாட்டார்கள், பச்சைப்பெருமாள்தான். வெட்டுவதும் தனி, அறுவடையின் முதல் பொங்கலான புதிர்ச் சோறு அதில்தான், வைக்கோலும் தனிப் போர். இலையாக நிற்கும்போது வரம்பில் நிற்கிறவருக்கு எல்லாம் ஒரே பச்சை. நான் பதினெட்டு வயலிலும் வாய்க்கால் வரம்பில் நின்று வெட்டியது பிள்ளையாருடைய பாத்தி. சேருக்கு அந்த வழக்கம் தெரிய நியாயம் இல்லை. தெரிந்தவள் நான்.

சேர் கண்டது வட்டையின் குடி அல்ல, பச்சைப்பெருமாளில் குடியிருக்கிற குடி. நடு வயலில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சேர் அந்த வயல்வெளிக்குத் தலைவரான வட்டை விதானையாரைப் போனில் கூப்பிட்டு அந்த நெல்லைச் சொல்லிவிட்டார். எந்த நெல் போடுவது என்று வட்டையே முடிவெடுக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டம் இன்னும் நாலரைக் கிழமையில்.

அடுத்த நாள் மூன்று தரம் சேரின் வாசலுக்குப் போனேன். மூன்றாம் தரம் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன அக்கா?”

“சேர்... அந்தத் தண்ணி...”

“தண்ணிக்கு என்ன?”

“வடிச்சு வெச்சிட்டன் சேர்.”

“நல்லம்” என்றார். நான் வந்துவிட்டேன்.

சொல்ல வாய் இல்லாவிட்டால் கையால்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வயலில் இப்போது பயிர் இல்லை. ஆனால் எரிபந்தப் பங்கசு காய்ந்த வைக்கோலிலும் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதை ஏறினேன். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்க ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகிற தட்டையான தோணி. அக்கரை போய், நடந்து, வட்டை விதானையார் வீட்டுக்குப் போனேன். அவர் நிறைய வயல் உள்ள பெரிய போடியார், எழுபது வயதிருக்கும். மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

“வைக்கோலா?” என்றார். “அரசாங்கம் மாடு வளக்கத் தொடங்கிட்டுதா?”

“இல்ல ஐயா. கழுத்துக் கறுத்த கதிர்க்காம்பு ஒள்ளுப்பம் வேணும்.”

“நோய்ப்பட்டதா கேக்கிறாய்? நல்லதைக் கேட்டிருந்தா நானும் தரமாட்டன்.” கயிற்றை விட்டுவிட்டு எழும்பினார். “ஆர்ர புள்ள நீ?”

அம்மாவின் பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு கதை எளிதாகப் போனது. ஒவ்வொரு போராகக் கூட்டிக்கொண்டு போனார். கோவிலடியில் ஒரு சின்னப் போரைக் காட்டி, “அது பிள்ளையார்ர. அதில மட்டும் கை வெச்சிராத. மத்ததெல்லாம் வெள்ளை நெல்லு” என்றார்.

நான் கறுத்த கழுத்துகளைப் பார்த்துப் பார்த்து உருவினேன். அவர் பக்கத்தில் நின்று பாட்டுக்குக் கதைத்தார்.

“உங்கட சேர் நல்ல மனிசன். முழு வட்டைக்கும் ஒரே நெல் எண்டு சொல்லிப்போட்டார், குழப்பம் இல்ல. என்ட மருமகன் போன பெரும்போகம் அழிஞ்சாப்போல கட்டாருக்குப் போகப் பாஸ்போட்டும் எடுத்திட்டான். மகளுக்கு இப்ப வயித்தில நாலு மாசம். இந்த ஒரு போகத்தைப் பாத்திட்டுப் போ எண்டு நான்தான் மறிச்சு வெச்சிரிக்கன். இந்த நெல்லை நம்பித்தான்.”

என்னுடைய கைக்குள் இருந்த கழுத்துகள் பொடிந்துபோயின. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை தொடக்கம் ஆறரைக்கே வேலைக்குப் போனேன். காவலாளி, “என்ன கா, வீட்டில சண்டையா?” என்று கேட்டார். பன்னிரண்டு போரின் கழுத்துகளையும் கழுவி, ஈரத் தட்டில் வைத்து, வித்தி எழும்ப ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். ஒன்பதாம் நாள் பார்த்தால் ஒன்று சாம்பல், ஒன்று கரி மாதிரிக் கறுப்பு, ஒன்று பஞ்சு மாதிரி வெள்ளை, ஒன்று வளையம் வளையமாக. பழைய பதினெட்டும் பிள்ளைகள் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட மாதிரி ஒரே நிறத்தில்தான் வளர்ந்தவை. நிறத்தை வைத்துக் குடி சொல்ல ஏலாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இது சும்மா கண்ணுக்கே வேறு வேறு.

சேர் வர முதல் அவருடைய மேசையில் இரண்டு வரிசை அடுக்கினேன். மேல் வரிசையில் பதினெட்டின் தட்டுகள், கீழ் வரிசையில் வைக்கோல் தட்டுகள். அடுக்கிவிட்டுச் சுவரோடு நின்றேன்.

சேர் கை கழுவிக்கொண்டு வந்தார். பார்த்தார். கதிரையை இழுத்து இருந்தார். ஒரு தட்டை எடுத்து அடியில் எழுதியிருந்ததை வாசித்தார். நான் வட்டையின் பெயரை எழுதியிருந்தேன்.

“முதல்ல இருந்து சொல்லுங்க அக்கா.”

சொன்னேன். வாய்க்காலில் நின்ற ஆட்கள், சீலை, வரம்பு, பிள்ளையார் பாத்தி, புத்தகத்தில் எழுதின பொய், கழுநீர், வைக்கோல் எல்லாம். அவ்வளவு நீளமாக நான் ஒருவரோடும் கதைத்ததில்லை. முடிந்தபிறகு சேர் கேட்டார்.

“எத்தினை வயல்ல உள்ளுக்கு இறங்கினீங்க?”

“ஒண்டிலயும் இல்ல சேர்.”

“ஏன் அண்டைக்கே என்னட்டச் சொல்லல்ல?”

“வெட்கம் சேர்.”

“வயலுக்குள்ள இறங்க வெட்கமா, என்னட்டச் சொல்ல வெட்கமா?”

“ரெண்டுக்கும்.”

அவர் யன்னலைப் பார்த்தார். சிரிக்கிறாரா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. மறுகா லாச்சியைத் திறந்து, கூட்டத்துக்கு எழுதி வைத்திருந்த தாளை எடுத்தார். சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அதே பேனையை என்னிடம் நீட்டினார்.

“அந்தப் பதினெட்டு உறையிலயும் புள்ளடி போடுங்க. எறிய வேணாம். அது பச்சைப்பெருமாளில இரிக்கிற குடி, அதுவும் தெரிய வேணும். ஆனா அது வட்டை இல்ல.” பிறகு இலைப் புத்தகத்தைத் திறந்து, அடிமட்டத்தை வைத்து ஒரு புதுக் கட்டம் கீறினார். “இந்தப் புத்தகத்தில எந்த வயல் எண்டு கேட்டிரிக்கன், எந்த இடம் எண்டு கேட்டிரிக்கன். எந்த நெல் எண்டு கேக்கல்ல. வயல் எண்டா ஒரு நெல்தான் எண்டு நானா நினைச்சிட்டன். அது என்ட பிழை.”

பிள்ளைகளே, அந்தப் புள்ளடிக்கு விளக்கம் இதுதான். இன்னும் எழுத இருக்கிறது.

கூட்டத்துக்கு முழுதாக இரண்டரைக் கிழமை இருந்தது. வேறு வேலைக்கு வளர்த்த நாற்றுத் தட்டுகள் கூடாரத்துக்குள் நான்கு இலையில் நின்றன, சேர் சொன்ன அந்த நெல்லும் அதில் இருந்தது. கண்ணாடித் தட்டில் பங்கசு வித்தி போட இன்னும் ஒரு கிழமை விட்டோம். பிறகு தூரிகையால் சுரண்டித் தண்ணியில் கரைத்து, எண்ணிச் சரிபார்த்து, ஒவ்வொரு தட்டு நாற்றுக்கும் ஒவ்வொரு பங்கசைத் தெளித்தோம். தெளித்துவிட்டு நனைத்த சாக்கால் மூடினோம். அடுத்த நாள் சாக்கை எடுத்து, பனி மாதிரித் தண்ணி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை நான் ஒருவரிடமும் கொடுக்கவில்லை. ஏழாம் நாள் காலையில் சேரும் நானும் குந்தி இருந்து ஒவ்வொரு இலையாகப் பார்த்தோம். எட்டு நெல் இனத்தில் ஐந்து விதமாக நோய் விழுந்திருந்தது, அதாவது ஐந்து குடி. ஐந்தில் இரண்டு, வட்டை முழுக்கப் போடச் சொன்ன அந்த நெல்லில் கண் கண்ணாக இறங்கியிருந்தது.

“போட்டிருந்தா, அக்கா...” என்று சேர் தொடங்கினார். பிறகு அந்த இரண்டையும் புத்தகத்தில் எழுதினார்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கும். சேர் என்னை வரச்சொன்னது நாற்றுத் தட்டைத் தூக்கிக் காட்டத்தான். அவர் எழும்பி, “போன மாதம் நான் சொன்ன நெல்லை முழு வட்டைக்கும் போட வேணாம். நாங்க பாத்ததில பிழை நடந்திட்டு” என்றார். என்னுடைய பெயரைச் சொல்லவில்லை.

விதானையார் கதிரையில் இருந்தபடியே கேட்டார். “போன மாதம் ஒரு கதை, இந்த மாதம் ஒரு கதை. அடுத்த மாதம் என்ன சொல்லப் போறீங்க சேர்?”

அதற்குச் சிரித்தார்கள். சிரிப்பு முடிய, பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. “எங்கட வயலை எங்கட ஆக்கள் பாத்திருந்தா இப்பிடி வராது.”

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. என்ன சொல்கிறார் என்று எல்லாருக்கும் விளங்கியது. சேர் கையில் இருந்த தாளைக் குனிந்து பார்த்தார். அதில் அவர் வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

“பாத்தது நான்தான்” என்றேன். முதலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். “நான் உங்கட ஆள்தான். என்ட அம்மா மண்டூர். பாத்தது நான்தான். சேர் உள்ளுக்கு இறங்கி எடுக்கச் சொன்னவர். வாய்க்காலுக்குள்ள நீங்க எல்லாரும் நிண்டீங்க. எனக்கு வெட்கமாப் போயிட்டு. வரம்பில நிண்டு பிள்ளையார்ர பாத்தியில வெட்டிட்டன்.”

அப்போது நடு வரிசையில் ஒருத்தர் எழும்பினார். “நாத்து நட வந்தயா எண்டு கேட்டது நான்தான். பகிடிக்குக் கேட்டன்” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

விதானையார் என்னைப் பார்த்தார். “பிள்ளையார்ர பாத்தியை வெட்டினயா?”

“இலை மட்டும் ஐயா.”

“கேட்டா வெட்டினாய்?”

“இல்ல.”

“அப்ப அவர்தான் உன்னைப் பிடிச்சுக் குடுத்திரிக்கார்” என்றார். இருநூறு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் இருந்த குரல் அதற்குப் பிறகு வரவில்லை.

மறுகா காரியம் நடந்தது. வட்டையை மூன்று துண்டாகப் பிரித்து, வேறு வேறு குடியைத் தாங்குகிற மூன்று நெல் போடலாம் என்றார் சேர்; முதல் சொன்ன நெல்லும் அதில் ஒன்று. வெட்டுற மெஷின்காரன் மூன்று தரம் வருவானா என்று சத்தம் போட்டார்கள். மூன்றும் ஒரே வயது நெல் என்று சேர் காட்டினார். விதானையாரின் மருமகன் எழும்பி, “இதில எதுக்கு நோய் வராது சேர்? அதைச் சொல்லுங்க” என்றார். “வராத நெல் எண்டு ஒண்டும் இல்ல, தம்பி. எல்லாம் ஒரே நாளில விழாம இருக்கத்தான் இந்த வேலை” என்றார் சேர். மருமகனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் இருந்தார்.

அந்தப் பெரும்போகம் மழையும் பனியும் ஒன்றாக வந்தது. எரிபந்தமும் வந்தது. முதலில் முழு வட்டைக்கும் என்று சொன்ன நெல் நின்ற துண்டில் கழுத்து முறிந்து, பாதிக்கு மேல் பதர். அந்தத் துண்டு ஆட்களுக்கு நான் இப்போதும் முகம் கொடுக்கக் கூசுவேன். மற்ற இரண்டு துண்டும் தப்பி நின்றன. மருமகனின் வயல் அதில் ஒன்றில் இருந்தது. அறுவடையோடு பெண் பிள்ளை பிறந்தது. அவர் கட்டாருக்குப் போகவில்லை. வைக்கோல் கழுத்துகளின் கோட்டுப் படம் பிறகு வந்தபோது பார்த்தால், ஐந்து அல்ல, ஆறு குடி. ஆறாவது எங்கட கூடாரத்து நாற்றில் தன்னைக் காட்டாமலே இருந்திருக்கிறது.

அடுத்த சிறுபோகத்துக்கு அதே வட்டைக்கு இலை எடுக்கப் போனேன். அன்றைக்கும் வாய்க்கால் வேலை. ஜீப் நின்றதும் விதானையார் மண்வெட்டியை ஊன்றி, “எழும்புங்கடா எல்லாரும். புள்ள இறங்கப் போகுது” என்றார். அத்தனை பேரும் வாய்க்காலால் ஏறி, ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரிசையாக இருந்து வெற்றிலை போடத் தொடங்கினார்கள். செல்லையா அண்ணனுக்கும் ஒருத்தர் வெற்றிலை கொடுத்து, தோளில் கை வைத்துத் திருப்பி இருத்தினார்.

நான் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பிள்ளையார் பாத்தியைத் தாண்டி, அங்கால் நெல்லுக்குள் போனேன். சேறு முழங்காலுக்கு வந்தது. அடி எண்ணிக்கொண்டு போனேன். நடு வயலில் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அது வரை தெரியாது.

விதானையார் முகத்தைத் திருப்பாமலே சத்தம் வைத்தார். “எத்தினை அடி புள்ள?”

“பதினாறு ஐயா” என்று நானும் சத்தமாகச் சொன்னேன். “இன்னும் நாலு இரிக்கு.”